பானை வேர்த்தால் தண்ணீர் குளிரும்

சென்னைக்குக் குடிவந்த முதல் கோடையில் நாங்கள் வாங்கிய முதல் பெரிய பொருள் ஏர் கூலர். வேலூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே மாமா வீட்டு ஜன்னலுக்கு வெளியே பெரிய தகரப் பெட்டிக் கூலர் ஒன்று இருந்தது. மூன்று பக்கமும் மரச்சீவல் திணித்த வலை, அடியில் தண்ணீர், நடுவில் ஃபேன். அக்னி நட்சத்திர மதியத்தில் நாங்கள் அதன் எதிரே வரிசையாக உட்கார்ந்துகொள்வோம். "தள்ளி உக்காருங்க பசங்களா, சளி புடிச்சுக்கும்" என்று அத்தை அதட்டும் அளவுக்குக் குளிரும்.

அந்த நினைப்பில்தான் சென்னையிலும் வாங்கினேன். "ஏசி மாதிரியே இருக்கும்மா, கரண்டும் கம்மி" என்றார் கடைக்காரர். குளிர் வெளியே போகக் கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு ஓடவிட்டோம். முதல் பத்து நிமிஷம் நன்றாக இருந்தது. அரை மணி நேரத்தில் தலையணை உறை பிசுபிசுத்தது. மேசைமேல் இருந்த பையனின் நோட்டுப் புத்தகம் நமத்துப் போன அப்பளம் மாதிரி தொங்கியது. கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டே இருந்தது, காயவே இல்லை. நடுராத்திரியில் கூலரை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனோம்.

கூலரில் பழுது ஒன்றும் இல்லை. அதே கூலரை வேலூருக்கு அனுப்பினேன், இன்றைக்கும் அங்கே ஓடுகிறது. எது மாறியது என்று தேடப் போய்த்தான் இந்த விஷயத்துக்குள் விழுந்தேன். பல வருஷமாகியும் வெளியே வர மனசில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த "உள்ளுறை வெப்பம்" என்ற சொல்லுக்கு உள்ளே இவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆயாவின் பானையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மணல் பரப்பி அதன்மேல் மண்பானை வைத்திருப்பார். மணலுக்குத் தினமும் தண்ணீர் தெளிப்பார். புதுப் பானை வாங்கும்போது தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் வெளிப்பக்கம் தடவிப் பார்ப்பார். ஈரம் தட்டினால்தான் அவருக்குத் திருப்தி. "பானை வேர்க்கணும்டி, வேர்க்காத பானை எதுக்கு?" என்பார். இதைவிடச் சரியான இயற்பியல் விளக்கத்தை நான் கேட்டதில்லை. மண்பானைக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் வெளிப்பக்கம் கசிந்து, காற்றில் ஆவியாகிப் போகிறது. போகும்போது சும்மா போவதில்லை, வெப்பத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறது.

ஏன் சுருட்டிக்கொண்டு போக வேண்டும்? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. சில சோம்பலாக நகரும், சில துள்ளும். அதிகமாகத் துள்ளுகிறவைதான் பிடியை அறுத்துக்கொண்டு வெளியே தாவ முடியும். ஒரு வகுப்பில் உயரமான ஐந்து பிள்ளைகள் எழுந்து போனால் மிச்சமிருப்பவர்களின் சராசரி உயரம் குறையும் இல்லையா? அதேபோல் வேகமானவை போனதும் மிச்சமிருக்கும் தண்ணீரின் சராசரி வேகம் குறைகிறது. வெப்பநிலை என்பது அந்தச் சராசரியின் அளவுதான். இதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டியதே இல்லை. இருபது டிகிரியிலும் முப்பது டிகிரியிலும் இந்தத் தாவல் நடந்துகொண்டேதான் இருக்கிறது. துணி காய்வது அப்படித்தான்.

கணக்கைப் பார்த்தால்தான் இதன் பிரம்மாண்டம் புரியும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். அதே ஒரு கிராம், நம் ஊர் வெப்பத்தில் ஆவியாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். பத்து லிட்டர் பானையில் 100 மில்லி, அதாவது அரை டம்ளர் தண்ணீர் மட்டும் கசிந்து ஆவியானால் போதும், வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராதவரை மீதித் தண்ணீர் முழுவதும் 6 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடும். அரை டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பத்து லிட்டரைக் குளிரவைக்கும் இந்த வியாபாரத்துக்கு மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

நம்பாதவர்கள் அடுப்பங்கரையிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். மூன்று நிமிஷத்தில் கொதித்தது. தீயை மாற்றாமல் அப்படியே விட்டேன். முழுதும் வற்ற இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் வெப்பமானி 100-லேயே நின்றது. அடுப்பு கொடுத்த வெப்பமெல்லாம் எங்கே போயிற்று? பதினெட்டாம் நூற்றாண்டில், 1760-களில், கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவப் பேராசிரியர் இதே கேள்வியைக் கேட்டுத்தான் உள்ளுறை வெப்பத்தைக் கண்டுபிடித்தார். வெப்பம் ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. வெப்பமானிக்குத் தெரியாது. ஆவி மறுபடி தண்ணீராகும் நாளில் அத்தனையும் வெளியே வரும். அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சரி, சென்னையில் கூலர் ஏன் தோற்றது? தாவிப் போகும் மூலக்கூறுகளைப் போலவே, காற்றிலிருந்து திரும்பி வந்து தண்ணீரில் விழும் மூலக்கூறுகளும் உண்டு. போக்கும் வரவும் எப்போதும் ஒன்றாகவே நடக்கின்றன. காற்று காய்ந்திருந்தால் போக்கு அதிகம், வரவு குறைவு. காற்றில் ஏற்கெனவே ஆவி நிறைந்திருந்தால் போகிற அளவுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கும். கணக்கு நேராகிவிடும், குளிர்ச்சி நின்றுவிடும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்குள் அதிகபட்சம் 30 கிராம் ஆவிதான் இருக்க முடியும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தமே 850 மில்லி. கடற்கரை ஊரில் இரவில் அதில் முக்கால்வாசி ஏற்கெனவே நிரம்பிவிட்டது. எங்கள் மூடிய அறையில் கூலருக்கு மிச்சம் இருந்தது ஒரு டம்ளர் தண்ணீருக்கான இடம்தான். பத்து நிமிஷம் சுகமாக இருந்ததும் அதற்கப்புறம் நரகமானதும் அதனால்தான். மாமா வீட்டில் எதிர் ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும். ஈரக்காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். நான் குளிர் போகக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, ஆவியைச் சிறை வைத்திருக்கிறேன்.

அடுத்த மே மாதம் ஆய்வகக் கண்ணாடி வெப்பமானி இரண்டு வாங்கினேன். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சின்னதாகக் கிழித்துச் சுற்றி, தண்ணீரில் நனைத்தேன். நிழலில் இரண்டையும் தொங்கவிட்டுப் பனையோலை விசிறியால் ஐந்து நிமிஷம் வீசினேன். சென்னை மொட்டை மாடிப் படிக்கட்டில் காய்ந்தது 36 காட்டியது, ஈரத்துணி சுற்றியது 29. அதே வாரம் ஊருக்குப் போனபோது ஆயாவின் தாழ்வாரத்தில் காய்ந்தது 41, ஈரம் 25. திரும்பத் திரும்ப நனைத்துப் பார்த்தேன், அதேதான். வேலூர் ஐந்து டிகிரி அதிகச் சூடு. ஆனால் ஈரத்துணிக்கு அங்கே நான்கு டிகிரி அதிகக் குளிர்ச்சி.

இந்த இரண்டாவது எண்ணுக்கு ஈரக் குமிழ் வெப்பநிலை என்று பெயர். தண்ணீரை ஆவியாக்கி ஒரு பொருளை எவ்வளவு தூரம் குளிரவைக்கலாம் என்பதற்கு அதுதான் கடைசி எல்லை. மண்பானை அதைத் தாண்டாது. வெட்டிவேர்த் தட்டி தாண்டாது. கூலர் தாண்டாது. நம் உடம்பும் தாண்டாது. ஒரு நாளின் வெயிலைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு எண்தான் தரப்படும் என்றால், ஈரத்துணியின் எண்ணைத்தான் கேட்பேன்.

தமிழ் இதை எப்போதோ கவனித்துவிட்டது என்பது என் எண்ணம். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைத்தால் புழுங்கல். காற்று அசையாமல், வேர்வை காயாமல் இருந்தால் புழுக்கம். இரண்டும் ஒரே வேர்ச்சொல். அறுவடை முடிந்ததும் ஆயா முற்றத்தில் பெரிய அண்டா வைத்து நெல் புழுக்குவார். மூடியிருக்கும் சாக்கைத் தூக்கும்போது முகத்தில் அடிக்கும் அந்தக் காற்றும், மே மாதம் மின்சார ரயில் நின்றுவிட்டால் பெட்டிக்குள் வரும் காற்றும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. வெயில் என்பது வேறு, புழுக்கம் என்பது வேறு என்று நம் பாட்டிகள் பிரித்துச் சொன்னதை, டிவியில் ஒற்றை எண்ணைப் பார்த்துப் பழகிய நாம் மறந்துகொண்டிருக்கிறோம்.

இப்போது ஆவி தண்ணீராகும் பக்கம். பாடப் புத்தகத்தில் ஆவி சுருங்குதல் என்று படித்தோம். சுருங்கும்போது அது, முன்னே வாங்கிய கடனை வட்டியில்லாமல், ஒரு கலோரி குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடும்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது அவசரத்தில் இட்லிப் பானை மூடியை என் பக்கமாகச் சாய்த்துத் திறந்தேன். மணிக்கட்டில் ஆவி பட்டது. ஒரு நொடிகூட இல்லை. பெரிய கொப்புளம். அதற்கு முன்னால் ஒருமுறை கொதிநீர்த் துளிகள் தெறித்தபோது சிவந்ததோடு சரி. இரண்டும் நூறு டிகிரிதானே, ஏன் இந்த வித்தியாசம்? கொதிநீர் ஒரு கிராம் நம் தோலில் பட்டு உடம்புச் சூட்டுக்கு இறங்கினால் 63 கலோரி கொடுக்கும். ஆவி ஒரு கிராம் தோலில் பட்டதும் முதலில் தண்ணீராகிறது. அந்த ஒரு கணத்தில் 540 கலோரி. அப்புறம் அந்தத் தண்ணீர் இறங்கும்போது அதே 63. மொத்தம் 600-க்கு மேல், கிட்டத்தட்ட பத்து மடங்கு. இட்லி பத்து நிமிஷத்தில் வேகும் ரகசியமும் இதுதான். சூடான காற்று உரசி வேகவைப்பதில்லை. ஒவ்வொரு குழியிலும் ஆவி மாவின்மேல் தண்ணீராகிச் சூட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறது. ஆவிப் புண் பட்டால் மாவும் பற்பசையும் தடவாதீர்கள். குழாயடியில் இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். எனக்கு அன்றைக்கு இங்க் தடவினார்கள், தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுப்பங்கரையில் நடப்பதுதான் வானத்திலும் நடக்கிறது. நவம்பரில் ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு லட்சம் டன் தண்ணீர். அத்தனையும் மேலே ஆவியாக இருந்து மேகமானபோது காற்றுக்குள் விட்ட வெப்பம் ஏறக்குறைய 6.8 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு மட்டும். வங்கக் கடலில் புயல் எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டால் இதைத்தான். கடல் மேற்பரப்பு 26, 27 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஏறும் ஆவி, மேலே மேகமாகும் இடத்தில் காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழே புதுக் காற்று ஓடி வருகிறது. கரை ஏறியதும் புயல் தளர்வதற்குப் பெரிய காரணம், அடியில் கடல் இல்லாமல் ஆவி வரத்து அறுந்துவிடுவதுதான்.

ஜூன் மாதத்தில் கேரளத்தில் மழை கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு ஏன் வறண்ட சூடு என்பதும் இதே கணக்குதான். கடற்காற்று 28 டிகிரியில் மலை ஏறத் தொடங்குகிறது. மேகம் உருவாகும்வரை ஒரு கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் குளிரும். அதன்பின் ஆவி தண்ணீராகி வெப்பம் விடுவதால் குளிரும் வேகம் பாதியாகிவிடும். அரை கிலோமீட்டர் அப்படி, ஒரு கிலோமீட்டர் இப்படி ஏறினால் உச்சியில் 18. மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் காய்ந்து இறங்கும் காற்று, கிலோமீட்டருக்குப் பத்து வீதம் முழுசாகச் சூடேறும். அடிவாரத்தில் 33. ஏறிய அதே உயரம், இறங்கிய அதே உயரம், ஐந்து டிகிரி கூடுதல். கேரளத்து மழையின் வெப்பம் நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

மழைக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று குளிர்ந்த காற்று அடித்து வாசல் கோலத்தைக் கலைக்குமே, அது நேர்மாறு. மேகத்திலிருந்து விழும் துளிகள் கீழே உள்ள காய்ந்த காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகின்றன. அந்தக் காற்று குளிர்ந்து கனத்துத் தரைக்கு விழுந்து பரவுகிறது. நமக்கு முதலில் வருவது மழையின் குளிர்ச்சி, அப்புறம்தான் மழை. மார்கழியில் பனி இறங்கத் தொடங்கியதும் அதற்கு மேல் வெப்பநிலை இறங்கத் தயங்குவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான். புல்நுனியில் துளி கட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெப்பம் வெளியே வருகிறது.

கூலரில் தோற்ற பிறகு கடைசியில் ஏசி வாங்கினோம். ஏசி காற்றைக் குளிரவைக்கும் இயந்திரம் என்று நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை. அதன் குளிர்ந்த செப்புக் குழாய்களில் அறையின் ஆவி தண்ணீராகிச் சொட்டுகிறது. அந்தத் தண்ணீர் வெளியேறும் குழாயின் அடியில் ஒரு இரவு வாளி வைத்தேன். காலையில் ஏழு லிட்டர். ஒவ்வொரு லிட்டரும் தண்ணீரானபோது விட்ட வெப்பம், 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் நாற்பது நிமிஷம் ஓடினால் வரும் வெப்பம். அத்தனையும் தெருவுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக இந்த முறையை வடிவமைத்தது ஆட்களின் சுகத்துக்காக அல்ல. ஈரக்காற்றில் காகிதம் உப்பி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. ஈரத்தை எடுக்கத்தான் கேட்டார்கள். வறண்ட சிவகாசியில் அச்சுத்தொழில் செழித்ததை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் எழுத வைத்தது எதிர் மனையில் நடக்கும் கட்டட வேலை. போன வாரம் மதியம் சித்தாள் வேலை செய்யும் ஒரு அம்மா, கலவைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சாரத்துக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது. முழங்கையிலிருந்து வேர்வை சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. "வெயில் ஒண்ணும் ஜாஸ்தி இல்லீங்க, 35 தானே" என்றார் மேஸ்திரி. அவர் கெட்டவர் இல்லை. அவரும் ஒற்றை எண்ணை நம்புகிறவர், அவ்வளவுதான்.

தரையில் சொட்டும் வேர்வை உடம்பைக் குளிரவைப்பதில்லை. தோலின்மேல் ஆவியாகும் வேர்வைதான் குளிரவைக்கும். ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் 580 கிலோ கலோரி வெளியே போகும். அதே ஒரு லிட்டர் சொட்டி விழுந்தால் உடம்புக்கு மிஞ்சுவது தண்ணீர் நஷ்டமும் உப்பு நஷ்டமும்தான். நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்றின் ஈரக் குமிழ் வெப்பநிலையும் 35-ஐத் தொட்டுவிட்டால், நிழலில் ஃபேனுக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதர்கூட வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் சில மணி நேரத்தில் இறக்க நேரிடும் என்று 2010-இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னால் 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் 30, 31-லேயே உடம்பின் சமநிலை குலைய ஆரம்பித்துவிட்டது. அவர்கள் செய்தது லேசான வேலை. கலவைச் சட்டி தூக்கவில்லை. என் படிக்கட்டில் ஈரத்துணி காட்டிய 29-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலையைப் பற்றிப் பேசும் இந்திய வானிலை ஆய்வுத் துறை, கடலோரத்துக்கு 37 டிகிரியையே வரம்பாக வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது.

அந்த அம்மாவை எங்கள் வீட்டுத் திண்ணையில் படுக்கவைத்து, புடவைத் தலைப்பை நனைத்துக் கழுத்திலும் கையிலும் போட்டு, டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நேராகத் திருப்பினேன். நனைத்தால் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்று விலகினால்தான் அடுத்த துளி ஆவியாகும். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் குடித்தார். மறுநாளிலிருந்து மேஸ்திரி பதினொன்றரைக்கு நிறுத்தி மூன்றரைக்கு ஆரம்பிக்கிறார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து மனையிலோ இந்த மே மாதம் வேலை நடந்தால், காலையில் செல்போனில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள். 35 டிகிரிக்குப் பக்கத்தில் 60 சதவீதம் என்று காட்டினால், மதிய வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்.